ரிக்ஸ்கிரென்சன் போகலாமா? போகலாம், நாலு ராத்திரிக்குக் குறையாமல்

கேட்டவர் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறார். ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் லீவு இருக்கிறது, ஊரிலிருந்து அம்மா அப்பாவும் வந்திருப்பார்கள். சுவீடனின் வடமேற்கு மூலையில், நார்வே எல்லையை ஒட்டி இருக்கும் ரிக்ஸ்கிரென்சன் என்ற பனிச்சறுக்கு இடத்துக்குப் போகச் சொல்கிறார்கள் நண்பர்கள். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் மொத்தமே ஆறுதானாம், அதற்காக ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் போவது தகுமா, அந்த நேரத்தில் பனி இருக்குமா, ஸ்கீ பழக்கமே இல்லாத பெரியவர்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறார்.

போகலாம். பனி இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இரண்டு ராத்திரி மட்டும் தங்குவதாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். நாலு ராத்திரி, முடிந்தால் ஐந்து. நான் வட சுவீடனில் உள்ள லூலியோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், அநேகமாக எல்லா வருடமும் அங்கே போயிருக்கிறேன், இரண்டு தடவை ஏமாந்து திரும்பியும் இருக்கிறேன், அந்த இரண்டு தடவையும் நான் செய்த தப்பு நாளைக் குறைத்துக்கொண்டு போனதுதான்.

அந்த இடம் ஏன் அங்கே இருக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரிக்ஸ்கிரென்சன் என்றால் சுவீடிஷில் நாட்டு எல்லை என்றுதான் பொருள். அது ஊர்ப்பெயர் மாதிரியே இல்லை, ஏனென்றால் அங்கே ஊர் என்று எதுவும் இருக்கவில்லை. சாமி (Sámi) என்ற வடபகுதிப் பழங்குடி மக்கள் துருவப் பகுதிக் கலைமான் மேய்த்த மலை அது. பக்கத்து இடங்களின் பெயரைப் பாருங்கள், வாஸ்ஸியாவ்ரே, காத்தெர்யோக் என்று வரும். யாவ்ரே என்றால் சாமி மொழியில் ஏரி, யோக் என்றால் ஆறு. ஏரிக்கும் ஆற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் அவர்கள். எல்லை என்ற பெயர் ரயிலோடு வந்தது.

ரயில் வந்தது இரும்புக்காக. வட சுவீடனின் சுரங்க ஊரான கிரூனா பக்கம் மலை மலையாக இரும்புத்தாது இருக்கிறது. அதைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்றால் கிழக்கே லூலியோ துறைமுகம், அது அந்தக் காலத்தில் குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும். மேற்கே நார்வேயின் நார்விக், அது அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் உறையாது. நடுவில் மலை. அந்த மலைத்தொடரில் சுமார் 520 மீட்டர் உயரத்தில் ஒரு தாழ்வான இடைவெளி இருந்தது, அதன் வழியாகப் பாதை போட்டார்கள். 1880களில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி வேலையை ஆரம்பித்து, முடிக்காமலேயே 1889ல் திவாலாகிவிட்டது. பிறகு இரண்டு நாடுகளின் அரசுகளும் எடுத்து முடித்தன. தாது வண்டிகள் 1902 கடைசியில் ஓட ஆரம்பித்தன, 1903 ஜூலை 14ஆம் தேதி மன்னர் இரண்டாம் ஆஸ்கார் அந்த எல்லையிலேயே வந்து முறைப்படி திறந்து வைத்தார். அப்போது சுவீடனுக்கும் நார்வேக்கும் அவர் ஒருவரே ராஜா. இரண்டே வருடத்தில், 1905ல், நார்வே பிரிந்து போய்விட்டது.

இப்போது அந்த இடைவெளிக்கு வருவோம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் ரயிலும் வருகிறது, ஆடி மாதக் காற்றும் வருகிறது. மலையில் எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே மனிதனும் நுழைவான், காற்றும் நுழையும். ரிக்ஸ்கிரென்சனில் அப்படி நுழைவது அட்லாண்டிக்கின் ஈரக்காற்று. கடல் மேற்கே சில பத்துக் கிலோமீட்டர்தான். உறையாத கடலிலிருந்து எழும் ஈரம் அந்த வாய் வழியாக மலைமேல் ஏறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டுகிறது. சுவீடனில் அளந்ததிலேயே அதிகமான பனி ஆழம் 327 சென்டிமீட்டர், 1926 பிப்ரவரி 28ல், இதே ரயில் பாதையில் கொஞ்சம் கிழக்கே உள்ள கொப்பரோசென் என்ற இடத்தில். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் அபிஸ்கோ வரும், அது சுவீடனிலேயே மழை மிகக் குறைவான இடங்களில் ஒன்று. மேகம் மேற்கிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்து சேருகிறது. ஒரே ரயிலில் அரை மணி, முக்கால் மணிக்குள் இந்த மாற்றத்தை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்: அபிஸ்கோவில் நீலவானம், வாஸ்ஸியாவ்ரேயைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

நாலு ராத்திரி என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பனியைக் கொண்டுவரும் அதே காற்றுதான் லிஃப்டையும் நிறுத்துகிறது. நல்ல பனி கிடைக்க வேண்டும் என்றால் புயல் அடித்தாக வேண்டும், புயல் அடிக்கும்போது மேல் லிஃப்டுகள் முதலில் நிற்கும், பிறகு எல்லாமே நிற்கும். நான் முதல் தடவை போனது ஒரு மார்ச் மாதம், மூன்று ராத்திரிக்கு. முதல் இரண்டு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பனி மோதும் சத்தம் மணலை அள்ளி வீசுவதுபோல இருந்தது, எதிரே இருபதடியில் நின்ற காரின் நிறம்கூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குமேல் வானம் திறந்தது. கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்த பனி மாதிரி அதற்கு முன்னால் நான் எங்கேயும் கண்டதில்லை. மறுநாள் இருந்திருந்தால் முழு நாளும் அதே பனி, வெயிலோடு. எனக்கு அன்று இரவே ரயில்.

ஆறு லிஃப்ட் என்று யோசிக்கிறீர்கள். ஆல்ப்ஸ் கணக்கில் பார்த்தால் சின்ன இடம்தான், உச்சி 909 மீட்டர், கீழிருந்து சுமார் 400 மீட்டர் ஏற்றம். நம் ஏற்காடுகூட இதைவிட உயரம். ஆனால் அங்கே உயரத்தைப் பார்க்காதீர்கள், மரம் எதுவரை வளர்கிறது என்று பாருங்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே இருப்பதால் மரம் சீக்கிரமே நின்றுவிடுகிறது, குட்டையான பூர்ச்ச மரங்கள் மட்டும் அடிவாரத்தில். அதற்குமேல் மொத்த மலையும் திறந்த வெளி. மெஷின் ஓட்டிச் சமப்படுத்திய பாதைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் அதற்காகப் போவதில்லை. இரண்டு லிஃப்டுக்கு நடுவே இருக்கும் நிலம்தான் விசேஷம். சின்னச் சின்னப் பள்ளம், காற்று செதுக்கிய மேடு, ஓடை உறைந்து உண்டான அரைக்குழாய், பாறையின் ஓரத்தில் திரண்டு நிற்கும் பனி அலை. ஒரே இடத்தில் பத்து தடவை இறங்கினால் பத்தும் வேறு வழி. 90களில் ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டு உலகமே இந்த மலையைத் திரும்பிப் பார்த்தது, 1996ல் சுவீடன் வீரர் இங்கெமார் பாக்மன் இங்கே தாவிய தாவலின் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. செங்குத்துச் சரிவில் இறங்கும் போட்டி 1992லிருந்து நடக்கிறது. லிஃப்டின் உச்சியிலிருந்து நார்வே மண்ணுக்குள் சறுக்கிப் போய்விட்டு மறுபடி சுவீடனுக்கே இறங்கி வரும் வழியும் உண்டு. எல்லைக்கு அடையாளமாகக் கற்குவியல் இருக்கும், பனி அதிகமானால் அதுவும் மூடிப்போகும்.

சரி, நீங்கள் எந்த அளவுக்கு ஸ்கீ தெரிந்தவர் என்று எழுதவில்லை. இது முக்கியம். இரண்டு மூன்று சீசன் பழகியவர் என்றால் இந்த மலை உங்களை அள்ளிக்கொள்ளும். முதல் தடவை கால் வைப்பவர் என்றால் வேறு யோசனை சொல்கிறேன்: சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே பியோர்க்லிடென் இருக்கிறது, அதே ரயில் பாதை, அதே சாலை. சரிவு சாதுவானது, குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம். அங்கே இரண்டு நாள் பழகிவிட்டு, கடைசி இரண்டு நாள் ரிக்ஸ்கிரென்சன் வரலாம். ரிக்ஸ்கிரென்சனிலும் கற்றுக்கொடுக்கிறார்கள், ஆனால் வெளிச்சம் மங்கினால் அங்கே மேடு எது பள்ளம் எது என்று பழகியவர்களுக்கே தெரியாது. மரம் இல்லை, நிழல் இல்லை, தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நின்ற இடத்திலேயே தலை சுற்றும். புதியவர்களை அது ரொம்பப் பயமுறுத்திவிடும்.

இன்னொன்று, டி-பார் லிஃப்ட். ஸ்டாக்ஹோம் பக்கத்துச் சின்ன மேடுகளில் நீங்கள் பார்த்திருக்கலாம், நங்கூரம் மாதிரி ஒரு கட்டை வந்து பின்புறம் முட்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் உட்காரப் பார்ப்பார்கள். உட்காராதீர்கள். அது உங்களைத் தாங்குவதற்கு இல்லை, இழுப்பதற்கு. முழங்காலை லேசாக மடக்கி, எடையைக் காலில் வைத்து, ஸ்கீ இரண்டையும் இணையாக நேர்கோட்டில் விட்டு, நின்றபடி இழுபட வேண்டும். விழுந்துவிட்டால் உடனே பாதையிலிருந்து உருண்டு ஓரமாக வந்துவிடுங்கள், பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார். நேர்க்காற்று அடிக்கும் நாளில் அதில் ஏறுவதுதான் இறங்குவதைவிடக் கஷ்டம். மூக்கு வரை மூடும் துணி ஒன்று கழுத்தில் இருக்கட்டும்.

சமப்படுத்திய பாதையை விட்டு வெளியே போவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அங்கே பத்தடி தள்ளி இறங்குவது அவ்வளவு சாதாரணமாக நடக்கும், எல்லோரும் போகிறார்களே என்று நீங்களும் போய்விடுவீர்கள். பனிச்சரிவு ஆள் பார்த்து வராது. சுவீடனின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சீசன் முழுக்கத் தினமும் பனிச்சரிவு அபாய அறிக்கை வெளியிடுகிறது, அபிஸ்கோ – ரிக்ஸ்கிரென்சன் மலைகளுக்குத் தனியாகவே உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை அளவு. மூன்று என்று போட்டிருந்தால் நடுத்தரம்தானே என்று எண்ண வேண்டாம், விபத்துகளில் பெரும்பங்கு நடப்பது மூன்றில்தான், ஏனென்றால் நாலில் பெரும்பாலோர் வெளியே போவதில்லை. வெளியே போவதென்றால் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, மடக்கும் மண்வெட்டி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும், இருவருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கூட வந்தவர்தான் தோண்டி எடுக்க முடியும். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். இல்லை என்றால் ஒரு வழிகாட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள், அந்தக் காசு வீண்போகாது.

மாதத்தைப் பற்றி. சீசன் அங்கே மற்ற இடங்கள் மாதிரி டிசம்பரில் ஆரம்பிப்பதில்லை. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, பிறகும் மலை மறைக்கும். வெளிச்சம் போதுமான அளவு திரும்பி வரும் பிப்ரவரியில்தான் லிஃப்ட் ஓட ஆரம்பிக்கும், மே மாதம் வரை ஓடும். பிப்ரவரி பாதியில் பகல் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நீங்கள் போகும் ஏப்ரல் கடைசியில் ஏறக்குறைய 18 மணி நேரம், மீதி நேரமும் முழு இருட்டு கிடையாது. மே கடைசி வாரத்திலிருந்து சூரியன் மறைவதே இல்லை. வடக்கத்தி ஒளி (இரவு வானில் அசையும் அரோரா) பார்க்கும் ஆசை உங்களுக்கோ பெற்றோருக்கோ இருந்தால் ஏப்ரல் கடைசி சரிப்படாது, வானம் அதற்குரிய அளவு இருட்டாவதில்லை. மார்ச் பாதி முதல் கடைசி வரை போனால் பகலில் ஸ்கீ, இரவில் அபிஸ்கோவில் அந்த ஒளி, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. லீவை மாற்ற முடியாது என்றால் கவலைப்பட வேண்டாம், என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசிதான் அங்கே சிறந்த நேரம்.

ஏன் என்றால் அந்தப் பனி. அப்போது பகலில் வெயில், இரவில் உறைபனி. காலை எட்டு மணிக்கு மலை முழுக்கக் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும், அப்போது இறங்கினால் பல் கிட்டும், முழங்கால் வலிக்கும். அவசரப்படாமல் காப்பி குடியுங்கள். பத்து, பத்தரைக்கு மேல் கிழக்குச் சரிவில் மேல் ஓர் அங்குலம் இளகும். கையில் அள்ளிப் பார்த்தால் தூள் மாதிரி இருக்காது, கல் உப்பு மாதிரி மணி மணியாக உதிரும். அடியில் கெட்டி, மேலே உருளும் மணி. ஸ்கீ அதில் வெண்ணெயில் கத்தி போவது போலப் போகும், புதியவர்களுக்கும் திரும்புவது எளிதாக வரும். மதியம் ஆக ஆக அதிகம் இளகி, கணுக்கால் புதையும் கஞ்சியாகிவிடும், அந்தச் சரிவை விட்டுவிட்டு வெயில் அப்போதுதான் விழ ஆரம்பிக்கும் பக்கத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். செங்குத்தான இடங்களில் ஈரப்பனி சரிவதும் அந்த மதிய நேரத்தில்தான். சூரியனோடு சேர்ந்து மலையைச் சுற்றுவது என்று அங்கே பழகியவர்கள் சொல்வார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வெயில் இன்னும் பளீரென்று இருக்கும், ஆனால் பனி மறுபடி இறுக ஆரம்பிக்கும். நடந்தால் காலடியில் கேட்கும் சத்தமே மாறிவிடும், சொத் சொத் என்றது போய் நொறுக் நொறுக் என்று கேட்கும்.

அந்த வெயில் லேசுப்பட்டதில்லை. மேலிருந்து ஒரு வெயில், பனியிலிருந்து திரும்பி வருவது இன்னொரு வெயில். நம் நிறத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம், மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் தோல் உரிந்து வருவதை நான் என் உடம்பிலேயே பார்த்திருக்கிறேன். சன்ஸ்க்ரீனும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் பெற்றோருக்கும் வாங்கிவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் அரை நாள் வெளியே இருந்தால் இரவு கண்ணில் மிளகாய்ப்பொடி போட்டது போல எரியும்.

கூட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 30 வால்போரி இரவு, வசந்தத்தை வரவேற்கும் பண்டிகை, மறுநாள் மே 1 விடுமுறை. அந்த வார இறுதிக்கு அறைகள் ஆறு மாதத்துக்கு முன்பே போய்விடும். தங்குவதற்கு அங்கே பெரிய ஹோட்டல் ஒன்றும் அதைச் சுற்றி அறைகளும்தான், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி காத்தெர்யோக்கில் எளிமையான விடுதி ஒன்று உண்டு. சமையல் செய்துகொள்ளும் வசதி உள்ள அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். குக்கரும் அரிசியும் பருப்பும் ஊறுகாயும் கொண்டு போய்விட்டால் பெரியவர்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. பெரிய கடை என்றால் ஒரு பக்கம் கிரூனா, 130 கிலோமீட்டர், இன்னொரு பக்கம் நார்விக். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமையும் மே 1ஆம் தேதியும் பெரிய கடைகள் மூடியிருக்கும், அந்த நாளில் அங்கே போய் நிற்காதீர்கள்.

எப்படிப் போவது? அம்மா அப்பாவோடு என்றால் ரயில்தான். ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ஏறிப் படுத்தால் மறுநாள் காலை போடென் என்ற ஊரைத் தாண்டி, காடு குறைந்து சதுப்பு நிலம் வரும், மதியத்தை ஒட்டி எல்லைக்கு வந்துவிடும். படுக்கை வசதியுள்ள பெட்டியில் மூன்று பேராகப் பதிவு செய்யுங்கள். கிரூனாவைத் தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் உட்காரச் சொல்லுங்கள், தோர்னெத்ரெஸ்க் ஏரி மணிக்கணக்கில் கூடவே வரும், ஏப்ரலில் அது உறைந்துதான் இருக்கும். விமானம் என்றால் கிரூனாவுக்கு, அங்கிருந்து பஸ் அல்லது கார்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அந்த இடத்துக்கு இருப்பது ஒற்றை ரயில் பாதை, ஒற்றைச் சாலை. 1984 வரை சாலையே கிடையாது. எண்பது வருடத்துக்குமேல் ரயில் மட்டும்தான், கிரூனாவிலிருந்து நார்விக்குக் காரில் நேராகப் போக வழியே இல்லை. 2023 டிசம்பர் 17ஆம் தேதி வாஸ்ஸியாவ்ரே பக்கத்தில் தாது ரயில் தடம் புரண்டு, பாதை கிலோமீட்டர் கணக்கில் நாசமானது. நடுக்குளிரில் சரிசெய்து 2024 பிப்ரவரி 20ல்தான் திறந்தார்கள். நாலே நாளில் இன்னொரு தாது ரயில் அதே பகுதியில் தடம் புரண்டது. சீசன் ஆரம்பத்தில் அங்கே வேலை பார்ப்பவர்களின் கவலையை நினைத்துப் பாருங்கள். தினமும் அப்படி நடக்காது, ஆனால் ரயில் பல மணி நேரம் தாமதமாவதும் நடுவில் பஸ் மாற்றிவிடுவதும் சகஜம். திரும்பி வந்த மறுநாள் காலையில் பெற்றோருக்குச் சென்னை விமானம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

காரில் போனால் ஈ10 சாலை. புயல் அடித்தால் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். எனக்கு ஒரு முறை அப்படி ஆனது, நார்விக்கிலிருந்து திரும்பும்போது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்க, முன்னால் எட்டுப் பத்து வண்டி நின்றது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாக வந்து கண்ணாடியைத் தட்டினார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கிறதா, கம்பளி ஆடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, பின் விளக்கு எரிகிறதா என்று கேட்டார். என் காலணியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பனி அள்ளும் வண்டி முன்னால் போக, அதன் பின்னால் வரிசையாகப் போனோம். முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்புப் புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியவில்லை, அதை விட்டுவிடக் கூடாது, ஒட்டிப் போய் இடித்துவிடவும் கூடாது. ஏப்ரல் கடைசியில் இதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் மே மாதத்தில்கூட நடந்திருக்கிறது. வண்டியில் ஒரு போர்வை, ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது, சாப்பிட ஏதாவது எப்போதும் இருக்கட்டும்.

இனி அம்மா அப்பா. ஸ்கீ தெரியாதவர்கள் நாலு நாள் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். முதல் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஜன்னலோரம் ஒரு நாற்காலி போதும். தாது ரயில் போவதைப் பாருங்கள். 68 பெட்டிகள், 750 மீட்டர் நீளம், எண்ணாயிரம் டன்னுக்கும் மேல் எடை, முன்னால் ஒரு ஜோடி என்ஜின். ராப்பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு இயந்திர விஷயங்களில் ஆர்வம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: நிரம்பிய வண்டி எல்லையிலிருந்து கடலுக்கு இறங்கும்போது பிரேக் பிடிப்பதிலேயே மின்சாரம் உண்டாகிக் கம்பிக்குத் திரும்பிப் போகிறது, காலிப் பெட்டிகளை மறுபடி எல்லை வரை ஏற்றுவதற்கு அது போதும். இந்தப் பாதையில் கிரூனாவிலிருந்து எல்லை வரை மின்மயமானது 1915ல், அதற்கென்றே போர்யுஸ் என்ற இடத்தில் காட்டுக்கு நடுவே நீர்மின் நிலையம் கட்டினார்கள்.

அடுத்து, வெயில் அடிக்கும் ஒரு நாளை ஒதுக்கி நார்விக்குக் கூட்டிப் போங்கள். எல்லையிலிருந்து ரயில் பாதை 43 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் 500 மீட்டர் இறங்கிவிடும். சுரங்கம், பனிக்கூரை, சுரங்கம் என்று மாறி மாறி வரும். பனி தண்டவாளத்தை மூடாமல் இருக்க அதன் மேலேயே கூரை போட்டிருக்கிறார்கள். திடீரென்று வலது பக்கம் கீழே, வெகு கீழே, கறுப்புப் பச்சையாக ரோம்பாக் கடற்கழி தெரியும். மேலே ஆளுயரப் பனி, கீழே இறங்கினால் சாலையோரம் ஈரத்தரை. இரண்டாம் உலகப்போரில் 1940ல் இந்தத் தாதுவுக்காகத்தான் நார்விக்கில் அவ்வளவு பேர் செத்தார்கள், அந்தக் கடற்கழிக்குள் ஜெர்மன் போர்க்கப்பல்கள் மூழ்கின. நடுநிலை நாடாக இருந்த சுவீடன் 1943 வரை ஜெர்மன் படைவீரர்களை இந்தப் பாதையில் போய்வர விட்டது, அதைப் பற்றி இங்கே இன்றும் பேசுவார்கள். நார்விக்கில் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம். எல்லையில் வழக்கமாக யாரும் நிறுத்துவதில்லை, ஷெங்கன் விசாவே போதும், ஆனாலும் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பையில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்குக் கட்டாயம் வாங்க வேண்டியது காலணிக்கு அடியில் மாட்டும் முள் பட்டை. இங்கே ப்ரொட்டர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். ஏப்ரலில் பகலில் உருகிய தண்ணீர் சாயங்காலம் வாசலிலேயே பளிங்காக உறைந்து கிடக்கும், மலையில் விழுகிறவர்களைவிட வாசற்படியில் விழுகிறவர்கள்தான் அதிகம். காலையில் இறுகிய பனிமேல் நடப்பது எளிது, ஏரிப் பக்கம் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியின் தடத்திலேயே அரைமணி நடந்து வரலாம். மதியத்துக்குமேல் தடத்தை விட்டு இறங்கினால் இடுப்பு வரை புதையும்.

அப்படி நடக்கும்போது கலைமான் கூட்டம் தென்பட்டால் நின்றுவிடுங்கள். பக்கத்தில் போய்ப் படம் எடுக்க ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். அவை காட்டு விலங்கு கிடையாது, ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு, காதில் வெட்டுக்குறி இருக்கும். ஏப்ரல் கடைசியில் பெண்மான்கள் நிறைமாதம், மே மாதத்தில் குட்டி போடும். குளிர்காலம் முழுக்கப் பனியைத் தோண்டிப் பாசி தின்று உடம்பில் ஒன்றுமில்லாமல் நிற்கும் காலம் அது. நடுக்குளிரில் மழை பெய்து பனிமேல் பளிங்குப் படலம் படிந்த வருடங்களில் அதையும் தோண்ட முடியாமல் போகும், சாமி மேய்ப்பர்கள் தீவனம் வாங்கிப் போட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு தடவை விரட்டி ஓட வைத்தால் குட்டிக்கு ஆபத்து. உட்கார்ந்துவிட்டால் அவையே தன் வழியில் போகும்.

பதிவு செய்வதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் அறை, ஏனென்றால் அதுதான் தீர்ந்துபோகும். பிறகு ரயில், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக. ஸ்கீ வாடகை அங்கேயே கிடைக்கும், ஆனால் பூட்ஸ் மட்டும் முடிந்தால் ஸ்டாக்ஹோமிலேயே நிதானமாகப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். லிஃப்ட் பாஸை நாலு நாளைக்கும் சேர்த்து முன்பே வாங்கிவிட வேண்டாம், அங்கே போய், காற்று எப்படி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சுவீடிஷ் வானிலை நிலையம், நார்வேயின் Yr என்ற வானிலைத் தளம் இரண்டையும் பாருங்கள், எல்லையில் இரண்டும் வேறு வேறு சொல்லும், காற்று விஷயத்தில் எது அதிகமாகச் சொல்கிறதோ அதை நம்புங்கள். எத்தனை வருடம் ஸ்கீ பழகினீர்கள், அப்பா அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று எழுதினால், பியோர்க்லிடெனில் எத்தனை நாள், எல்லையில் எத்தனை நாள் என்று பிரித்துச் சொல்கிறேன்.